பள்ளியில் டிங்கரிங் லேப்: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

பள்ளிகளில் இருக்கும் டிங்கரிங் லேப், பட்டறைப் பயிற்சி பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பட்டறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது பள்ளி லேப்களுக்கு உதவப் போய் வருகிறவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன். முழுவதும் படிக்க நேரம் இல்லாவிட்டால் உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

டிங்கரிங் லேப் என்றால் என்ன? அறிவியல் லேப் ஏற்கெனவே இருக்கிறதே?

அறிவியல் லேபில் விடை முன்னாடியே தெரியும். அமிலத்தையும் காரத்தையும் சேர்த்தால் என்ன வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளைகள் அதைச் செய்து பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். டிங்கரிங் லேபில் ஒரு பொருள் வேண்டும் என்று தொடங்கி, அளந்து, வரைந்து, வெட்டி, ஒட்டி, அது வேலை செய்யாமல் போய், ஏன் என்று யோசித்து மறுபடியும் செய்கிறார்கள். கடைசியில் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

சாமான்கள் என்று பார்த்தால் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், பிரெட்போர்டு (சால்டர் செய்யாமலே வயரைச் செருகிச் சர்க்யூட் போடும் பலகை), ஆர்டுயினோ போர்டு (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன எலக்ட்ரானிக்ஸ் பலகை), சென்சார்கள், பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் ஒரு த்ரீ டி பிரிண்டர், டிரில்லிங் மெஷின், ஹாக்ஸா (இரும்பு அறுக்கும் ரம்பம்), அரம், ஸ்பேனர் செட் என்று இருக்கும். வசதியான இடங்களில் லேசர் கட்டரும் கணினி சொல்கிறபடி மரம், பலகையைக் குடைந்து வெட்டும் சிறிய சி.என்.சி. ரௌட்டரும் உண்டு.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? வெளிநாட்டுச் சரக்கா?

பாதி அங்கே, பாதி இங்கே. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் என்ற பேராசிரியர் 1998-இல் "ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி" என்று ஒரு பாடம் தொடங்கினார். இயந்திரப் பொறியியல் தெரியாத கலைப்பிரிவு மாணவர்கள்கூட வந்து குவிந்தார்கள். அதிலிருந்துதான் ஃபேப் லேப் என்ற ஏற்பாடு வந்தது. ஓர் அறை, அதில் குறிப்பிட்ட சில இயந்திரங்கள், ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் வந்து செய்துகொள்ளலாம்.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே முதல் ஃபேப் லேப் அமைந்த இடம் புனே மாவட்டத்தில் பாபல் என்ற வறண்ட கிராமம், 2002-இல். அங்கே ஏன்? ஏனென்றால் அங்கே ஏற்கெனவே விஞ்ஞான ஆசிரமம் இருந்தது. உணவுத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பெரிய கம்பெனியில் ஆராய்ச்சி வேலை பார்த்த டாக்டர் எஸ்.எஸ். கல்பாக் என்பவர் அதையெல்லாம் விட்டுவிட்டு வந்து 1983-இல் அதைத் தொடங்கினார். பக்கத்துப் பள்ளிகளில் எட்டு முதல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் முழுக்கக் கைவேலை. வெல்டிங், மின்சார வேலை, விவசாயம், கால்நடை, சமையல், உடல்நலம் எல்லாம் கலந்து. ஒரு பையன் வெல்டிங் மட்டும் கற்றுக்கொள்வதில்லை, அதே பையன் சமையலும் செய்வான். செய்வதெல்லாம் ஊருக்குப் பயன்படுகிற வேலையாக இருக்க வேண்டும் என்பதில் கல்பாக் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம்தான் இன்றைக்கு நம் லேப்களில் இல்லாமல் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். கீழே அதைப் பற்றி வருகிறது.

அரசு இதற்குப் பணம் தருகிறதா? எவ்வளவு?

ஒன்றிய அரசின் நிதி ஆயோக் அமைப்பு 2016-இல் அடல் புத்தாக்கத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ் அடல் டிங்கரிங் லேப் கேட்டுத் தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைத்தது. அதில் 10 லட்சம் லேப் அமைக்க, மீதி 10 லட்சம் ஐந்து ஆண்டுகள் வரை நடத்த. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எல்லாமே விண்ணப்பிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். அறை 1,500 சதுர அடி இருக்க வேண்டும் என்பது சமவெளிப் பகுதிக்கான விதி. நாடு முழுக்க 10,000 லேப்கள் வந்துவிட்டன. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மட்டும் 50,000 லேப்கள் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

விதிகள் அவ்வப்போது மாறும், அதனால் விண்ணப்பிக்கும் நேரத்தில் அந்த ஆண்டின் வழிகாட்டுதலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்கள் பள்ளியில் லேப் இருக்கிறது, ஆனால் எப்போதும் பூட்டித்தான் கிடக்கிறது. ஏன்?

எல்லாரும் கேட்பது இதுதான். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதல் காரணம் ஸ்டாக் ரெஜிஸ்டர். லேப் பொறுப்பு பெரும்பாலும் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழும், அவர் பெயரில்தான் அத்தனை சாமானும் பதிவாகியிருக்கும். ஒரு மல்டிமீட்டர் உடைந்தால், ஆடிட்டில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தொட்டால் உடையும், உடைந்தால் விளக்கம் எழுத வேண்டும், அதற்கு அலமாரியில் பூட்டி வைப்பது பாதுகாப்பு. அந்த ஆசிரியரைக் குறை சொல்லவே முடியாது, அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். இதை மாற்ற வேண்டியவர் தலைமையாசிரியர். நுகர்பொருள் எது, நிலையான பொருள் எது என்று பிரித்து எழுதி, எல்.இ.டி., வயர், டிரில் பிட், ஹாக்ஸா பிளேடு, விலை குறைந்த மோட்டார் எல்லாம் தீர்ந்துபோகிற பொருள் என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்து, பழுதான பொருளுக்கு ஒரு தனி நோட்டுப் போட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும். சாக்பீஸ் தீர்ந்தால் யாராவது விளக்கம் கேட்கிறார்களா?

இரண்டாவது காரணம் டைம் டேபிள். அட்டவணையில் இல்லாத எதுவும் பள்ளியில் நடக்காது. "ஆர்வம் உள்ளவர்கள் சாயங்காலம் வரலாம்" என்று வைத்தால் கடைசிப் பேருந்து பிடிக்க வேண்டிய பிள்ளைகள் வர மாட்டார்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். அடுத்தடுத்த இரண்டு பீரியட், வாரம் ஒருமுறை, அட்டவணையில் ஏறியிருக்க வேண்டும். ஒரே பீரியட் போதாது. சாமான் எடுத்து வைக்கவும் திருப்பி அடுக்கவுமே பாதி நேரம் போய்விடும்.

மூன்றாவது, லேபைப் பார்வையாளர்களுக்காக வைத்திருப்பது. அதிகாரி வரும் நாளன்று திறந்து, பெருக்கி, பிரிண்டரை ஓடவிட்டு, நான்கு பிள்ளைகளைக் கோட்டுப் போட்டு நிற்க வைத்துப் படம் எடுப்பது. அந்த நான்கு பேரைத் தவிர மீதிப் பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

லேப் நன்றாக நடக்கிறதா என்று தெரிய அறிக்கை எதுவும் வேண்டாம். அரத்தின் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா, மேசையில் சால்டரிங் சூட்டுத் தழும்பு இருக்கிறதா, ஹாக்ஸா பிளேடு தீர்ந்துபோய்ப் புதிது கேட்கிறார்களா என்று பாருங்கள். மூன்று வருஷம் ஆகியும் எல்லாம் புதுசாக இருந்தால் அந்த லேபில் யாரும் எதுவும் செய்யவில்லை.

முதலில் எதைச் சொல்லித் தர வேண்டும்? த்ரீ டி பிரிண்டரா, ரோபோவா?

இரண்டும் வேண்டாம். முதலில் அளக்கச் சொல்லித் தாருங்கள்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை கையில் ஸ்டீல் ஸ்கேலைக் கொடுத்து ஒரு பலகையில் 147 மி.மீ. குறிக்கச் சொல்லுங்கள். பலர் ஸ்கேலின் விளிம்பிலிருந்து அளப்பார்கள், பூஜ்ஜியம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க மாட்டார்கள். வெர்னியர் காலிப்பரை இயற்பியல் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள், ஆனால் ஒரு போல்ட்டின் விட்டத்தை அளந்து அது எம் 6-ஆ (6 மி.மீ. போல்ட்) எம் 8-ஆ என்று சொன்னதில்லை.

அப்புறம் அரம். ஐ.டி.ஐ.-யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் ஞாபகம் இருக்கும், இரும்பை அரத்தால் தேய்த்து ராவிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். பள்ளியில் அத்தனை நாள் தேவையில்லை, ஆனால் ஒரே ஒரு வேலை செய்தாலே போதும். 6 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். பிளாட்டில் (பட்டை இரும்பில்) ஒரு துண்டு வெட்டி, அதை 50-க்கு 50 மி.மீ. சதுரமாக ராவி எடுக்க வேண்டும். கேட்கச் சுலபம்! ஸ்கிரைபரால் கோடு போட்டு, வைஸில் இறுக்கிப் பிடித்து, ராவத் தொடங்கினால் பத்து நிமிஷத்தில் தோள் வலிக்கும். அரம் முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும், பின்னால் இழுக்கும்போது அழுத்தக் கூடாது என்பதே முதல் பாடம். கை மேலும் கீழும் ஆடுவதால் விளிம்பு இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் மேடு தட்டும், எல்லாருக்கும் தட்டும். அப்போது மூலைமட்டத்தை அந்த விளிம்பில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புக்கும் மூலைமட்டத்துக்கும் நடுவே எங்கே வெளிச்சக்கீற்று தெரிகிறதோ அங்கே பள்ளம், எங்கே ஒட்டி நிற்கிறதோ அங்கே மேடு. மேட்டை மட்டும் இரண்டு தள்ளு, மறுபடி வெளிச்சம், மறுபடி இரண்டு தள்ளு. கீற்று மெலிந்து மெலிந்து ஒரு கட்டத்தில் மறையும். அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பிறகு 90 டிகிரி என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, "கிட்டத்தட்ட சரி" என்பதற்கும் "சரி" என்பதற்கும் நடுவில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

இதைச் செய்த பிள்ளை பிரிண்டருக்கு வரும்போது வேறு ஆளாக வருகிறது.

அப்படியானால் த்ரீ டி பிரிண்டர் தேவையில்லையா?

தேவை. ஆனால் அதில் எதைச் செய்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. பள்ளி ஃபேப் லேப்களை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவரான பாவ்லோ பிளிக்ஸ்டைன் இதைச் சாவிக்கொத்து நோய் என்றே சொல்கிறார். லேசர் கட்டரில் பெயர் போட்ட சாவிக்கொத்து ஒன்று செய்து காட்டினால் போதும், பிள்ளைகள் அதையே செய்துகொண்டிருப்பார்கள். சுலபம், அழகு, எல்லாரும் பாராட்டுகிறார்கள், எதற்கு அடுத்த படிக்குப் போக வேண்டும்? நம் ஊரிலும் இதேதான். இணையத்தில் கிடைக்கும் பிள்ளையாரையும் ஈஃபில் கோபுரத்தையும் இறக்கி அச்சடித்து அலமாரியில் அடுக்கியிருப்பார்கள். பட்டனை அழுத்தியதைத் தவிரப் பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

வீட்டில் உடைந்த ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மிக்ஸியின் திருகு குமிழ் நல்ல தொடக்கம், பாதி வீடுகளில் அது உடைந்து இடுக்கியால்தான் திருப்பிக்கொண்டிருப்பார்கள். மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெர்னியரால் தண்டை அளக்க வேண்டும், 6 மி.மீ. என்று வையுங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அந்தத் தட்டையும் சரியாக வர வேண்டும், இல்லாவிட்டால் குமிழ் வெறுமனே சுற்றும். கணினியில் இலவச மென்பொருளில் வரைந்து, துளையை 6 மி.மீ. என்று சரியாகப் போட்டு அச்சடித்தால் உள்ளே போகாது. ஏனென்றால் உருகிய பிளாஸ்டிக் கொஞ்சம் பிதுங்கி உட்காருவதால் துளைகள் வரைந்ததைவிடச் சிறிதாகத்தான் வரும். 0.2 அல்லது 0.3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும் என்பது இரண்டாவது முறை புரியும். மூன்றாவது முறை பொருந்தும், ஆனால் தட்டையான பக்கத்தின் சுவர் மெலிசாக இருந்தால் திருப்பும்போது விரிந்து உடையும். சுவரைத் தடிமனாக்கி, எந்தப் பக்கம் கிடத்தி அச்சடித்தால் அடுக்குகள் பிளக்காது என்று யோசித்து, நான்காவது முறை அந்தக் குமிழ் அம்மாவின் சமையலறையில் வேலை செய்கிறது.

இதே குமிழை கேஸ் அடுப்புக்குச் செய்யலாமா என்று கண்டிப்பாக ஒரு பிள்ளை கேட்கும். பள்ளிகளில் பிரிண்டருக்குப் பயன்படுத்தும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி வெப்பத்திலேயே இளக ஆரம்பித்துவிடும். அந்த ஒரு கேள்வியிலிருந்து பொருட்களின் குணம் பற்றி ஒரு முழு வகுப்பு எடுக்கலாம்.

இது குலக்கல்விதானே? வேறு பெயரில் வருகிறதா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம், இது நியாயமான கேள்வி. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்வது என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கவும், துணி வெளுப்பவர் மகன் துணி வெளுக்கவும்தான் அது வழி செய்யும் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கடுமையாக எதிர்த்தார்கள், காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

அந்த எதிர்ப்பு சரியானது. அதை மறந்துவிட்டு "கைத்தொழில் கற்பதில் என்ன தப்பு" என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. யாருடைய பிள்ளை எந்தத் தொழிலைக் கற்க வேண்டும் என்று பிறப்பு முடிவு செய்ததுதான் அங்கே கோளாறு. அதனால் லேபில் கவனிக்க வேண்டியதும் அதுவேதான்: எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலையும் செய்கிறார்களா? வக்கீல் மகள் அரம் பிடிக்கிறாளா, தச்சர் மகன் புரோகிராம் எழுதுகிறானா, குப்பையை யார் பெருக்குகிறார்கள், முறை வைத்துப் பெருக்குகிறார்களா அல்லது எப்போதும் ஒரே பிள்ளைகளா? "இவனுக்குப் படிப்பு ஏறாது, லேபுக்கு அனுப்புங்கள்" என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அங்கே குலக்கல்வி பின்வாசல் வழியாக வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் மார்க் வாங்குகிறவர்களை மட்டும் போட்டிக்காக லேபில் விடுவதும் அதே தப்பின் மறுபக்கம். வகுப்பு மொத்தமும் போக வேண்டும்.

அதேபோல, லேபில் நன்றாகச் செய்கிற பிள்ளையை "நீ ஐ.டி.ஐ. போ" என்று பதிமூன்று வயதில் முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தப் பிள்ளை டாக்டராகப் போகட்டும். கை வேலை தெரிந்த அறுவை மருத்துவர் கிடைத்தால் யாருக்கு நஷ்டம்?

பெண் பிள்ளைகளை மெஷின் பக்கம் விடலாமா?

இன்னும் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அதிகாலையில் போய் நின்று பாருங்கள், செல்போன் கம்பெனிப் பேருந்துகளிலிருந்து இறங்குவது யார் என்று தெரியும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அசெம்பிளி லைனில்தான் நிற்கிறார்கள். அந்த மெஷினைப் பழுது பார்க்கும் மெயின்டெனன்ஸ் வேலையிலும், கருவிகளும் அச்சுகளும் செய்யும் டூல் ரூமிலும் ஆண்கள்தான் அதிகம், சம்பளம் கூடுதலாக இருப்பதும் அங்கேதான். அந்த இடைவெளி லேபிலேயே தொடங்குவதைப் பார்க்கலாம். குழுவாக வேலை கொடுத்தால் பையன்கள் டிரில்லிங் மெஷினைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளை நோட்டில் எழுதுவாள், சார்ட்டுக்குக் கலர் அடிப்பாள். யாரும் சொல்லாமலே நடக்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு துளை போட வேண்டும், ஒவ்வொருவரும் ஒரு ஜாயின்ட் சால்டர் செய்ய வேண்டும் என்று ஆள் வாரியாக வைத்தால்தான் இது மாறும்.

தாவணி, துப்பட்டா, தொங்கும் பின்னல் சுழலும் மெஷினில் சிக்கும், அது உண்மையான ஆபத்து. அதற்குத் தீர்வு துப்பட்டாவைக் கழற்றி வைத்து ஏப்ரன் போட்டு, பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள்வது. லேபில் எல்லாருக்கும் ஏப்ரன் வாங்கிப் போடுங்கள், பேச்சு முடிந்தது.

படிப்பு கெடாதா? பத்தாம் வகுப்பில் இதெல்லாம் எதற்கு?

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பில் பிராக்டிகலாகப் பார்த்தால் நேரம் கிடைக்காது, எனக்கும் தெரியும். அதனால்தான் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் அழுத்தமாகச் செய்ய வேண்டும். ஒன்பதில் கொஞ்சம் பெரிய வேலை ஒன்று. மார்க் கூடுமா என்று கேட்காதீர்கள், அப்படி உறுதி கொடுக்கிற ஆளை நம்பவும் வேண்டாம். பின்னம், விகிதம், கோணம், ஓம் விதி இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்குப் பிள்ளையின் கையிலேயே பதில் இருக்கும், அது போதும்.

அடிபட்டால் யார் பொறுப்பு? பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

சின்னக் கீறல், லேசான சூடு இதெல்லாம் நடக்கும். பெரிய காயம் நடக்கவே கூடாது, நடக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். நான் விட்டுக்கொடுக்காத விஷயங்கள் இவை.

லேபின் மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்க வேண்டும், எர்த்திங் சரியாக இருக்க வேண்டும். எலக்ட்ரீசியனை வரவழைத்து டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். இது இல்லாத அறையில் ஒரு மெஷினையும் போடாதீர்கள். டிரில்லிங், கிரைண்டிங், வெட்டுதல் எதற்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும், வருகை தரும் அதிகாரிக்கும் சேர்த்துத்தான். டிரில்லிங் மெஷினில் கையுறை போடக் கூடாது, இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கையுறை பிட்டில் சுற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். துளை போடும் தகட்டைக் கையால் பிடிக்கவும் கூடாது, வைஸிலோ கிளாம்பிலோதான். செருப்போடு உள்ளே வரக் கூடாது, ஷூ வேண்டும், இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியே சில ஜோடி வாங்கி வைக்கலாம்.

சால்டரிங் ஈயத்தில் காரீயம் இருக்கும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க விடாதீர்கள். புகை முகத்தில் அடிக்காமல் ஒரு சின்ன ஃபேனாவது வெளியே தள்ள வேண்டும். லேசர் கட்டரில் பி.வி.சி., ரெக்சின் வைக்கவே கூடாது, அது எரிந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் மெஷினையும் ஒன்றாகக் கெடுக்கும். பிளைவுட், எம்.டி.எஃப்., அக்ரிலிக், அட்டை இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஓடும்போது ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

ஆர்க் வெல்டிங் சிறு வகுப்புகளுக்கு வேண்டாம். ஹெல்மெட் இல்லாமல் ஒரு கணம் பார்த்தால்கூட ராத்திரி கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், தூங்க முடியாது. மேல் வகுப்பில், தெரிந்த ஆள் பக்கத்தில் நின்றால் மட்டும்.

சொல்லித் தர ஆள் எங்கே? எங்கள் ஆசிரியர்களுக்கே இது தெரியாதே.

ஊரில் இருக்கிறார்கள், நாம்தான் பள்ளிக்குள் கூப்பிடுவதில்லை. கோயம்புத்தூர் கணபதி, பீளமேடு பக்கம் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. அம்பத்தூரிலும் ஓசூரிலும் அப்படியே. சின்ன ஊராக இருந்தால்கூட ஒரு மோட்டார் காயில் கட்டுபவர், ஒரு தச்சர், ஒரு கிரில் வெல்டர், ஒரு செல்போன் ரிப்பேர்க்காரர் இல்லாமல் இருக்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர் கிடைத்தால் விடவே விடாதீர்கள், மாணவர்களுக்குச் சொல்லித் தருவதையே தொழிலாகச் செய்தவர் அவர். அடல் திட்டத்திலேயே வெளியாட்கள் வழிகாட்டியாக வருவதற்கு ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பாலும் பொறியாளர்களையும் மேலாளர்களையும்தான் தேடுகிறோம்.

கூப்பிடும்போது மரியாதையாகக் கூப்பிடுங்கள். அவருக்குப் போக வர செலவும் அன்றைய கூலியும் கொடுங்கள், ஒரு நாள் பட்டறையை மூடினால் அவருக்கு நஷ்டம். பிள்ளைகள் அவரையும் ஐயா என்றோ சார் என்றோதான் கூப்பிட வேண்டும். காலையில் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துகிற அளவுக்குப் போக வேண்டாம், ஆசிரியர்கள் உட்காரும் அறையில் உட்கார வைத்து டீ கொடுத்தாலே பிள்ளைகள் கவனிப்பார்கள். வகுப்பாசிரியர் கூடவே இருக்க வேண்டும். அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டால், அடுத்த ஆண்டு அவரே நடத்துவார்.

எங்களை ஒரு கம்பெனி அணுகி, முழு கிட்டும் பயிற்சியும் தருகிறோம் என்கிறது. வாங்கலாமா?

கிட்டைப் பிரித்துப் பாருங்கள். கொடுத்த துண்டுகளைக் கொடுத்த படத்தைப் பார்த்து மாட்டினால் ஓடுகிற ரோபோவாக இருந்தால் ஒரு மணி நேரம் குஷியாக இருக்கும், இரண்டாம் நாள் வேலை இல்லை. உதிரிப் பாகம் தனியாகக் கிடைக்குமா, அதே பாகம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் என்ன விலை, பிரிண்டர் நின்றுபோனால் எத்தனை நாளில் ஆள் வருவார், பயிற்சி பிள்ளைகளுக்கா ஆசிரியர்களுக்கா என்று எழுதி வாங்குங்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தராத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

லேபில் ஆர்வம் வந்த பிள்ளை அடுத்து எங்கே போகலாம்?

எங்கே வேண்டுமானாலும். தொழிற்பயிற்சிப் பக்கம் போக விரும்பினால், ஐ.டி.ஐ.-யில் வெல்டர் படிப்பு எட்டாம் வகுப்பு முடித்தாலே சேரலாம், ஓர் ஆண்டு. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் எல்லாம் பத்தாம் வகுப்புக்குப் பிறகு, இரண்டு ஆண்டு. முடித்த பிறகு பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது, டிப்ளமோ முடித்தால் பொறியியலில் இரண்டாம் ஆண்டு. கதவு எங்கும் அடைபடவில்லை என்பதைப் பெற்றோருக்கு அழுத்திச் சொல்லுங்கள். அரசு ஐ.டி.ஐ.-யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.-க்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.-களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரோபோ, சி.என்.சி. எல்லாம் வைத்துத் தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒன்று இருந்தால் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

எங்கள் பள்ளிக்கு எந்த நிதியும் வரவில்லை. காலியான ஓர் அறை மட்டும் இருக்கிறது. தொடங்க முடியுமா?

முடியும், இப்படித் தொடங்குவது இன்னும் நல்லது என்றுகூடச் சொல்வேன், பூட்டி வைக்க விலை உயர்ந்த பொருள் எதுவும் இருக்காது. உறுதியான இரண்டு மேசை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய நான்கு பெஞ்ச் வைஸ், அரம், ஹாக்ஸா, சுத்தியல், மூலைமட்டம், ஸ்டீல் ஸ்கேல், ஒரு வெர்னியர், இரண்டு மல்டிமீட்டர், சில சால்டரிங் அயர்ன், கண்ணாடி. பழைய மாணவர்களிடம் பணமாகக் கேட்பதைவிடச் சாமானாகக் கேளுங்கள், பட்டறை வைத்திருப்பவர்கள் பழைய வைஸைச் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். இரும்புத் துண்டுக்குக் கிரில் கடை, மரத்துக்கு மர அறுவை மில், எலக்ட்ரானிக்ஸுக்குப் பழுதான ரேடியோவும் சார்ஜரும். சுவரில் பிளைவுட் அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதன்மேல் வரைந்து ஆணி அடித்து மாட்டுங்கள், எது திரும்பி வரவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும்.

முதல் வேலையாகப் பள்ளியிலேயே உடைந்து கிடக்கும் பெஞ்சுகளை எடுங்கள். எத்தனை பெஞ்சு, எந்தக் கால் ஆடுகிறது, என்ன போல்ட் வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே பட்டியல் போடட்டும், ஹார்டுவேர் கடைக்குப் போய் விலை கேட்டு வரட்டும். கட்டை மாற்ற வேண்டியதைத் தச்சர் ஒருவர் சொல்லித் தரட்டும். சரி செய்த பெஞ்சின் அடியில் செய்தவர்கள் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

பிரிண்டர் வேலை செய்யவில்லை, கம்பெனி போனை எடுப்பதில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் நாசில் (உருகிய பிளாஸ்டிக் வெளியே வரும் மூக்கு) அடைத்திருக்கும், இல்லையென்றால் பொருள் அச்சாகும் தட்டு மட்டம் தவறியிருக்கும், அதுவும் இல்லாவிட்டால் மாசக்கணக்கில் திறந்து கிடந்த இழை ஈரம் இழுத்திருக்கும். நாசிலைப் பி.எல்.ஏ. உருகும் அளவுக்கு, 200 டிகிரிக்குச் சூடாக்கி, மெல்லிய ஊசியால் கீழிருந்து குத்தி, இழையைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். சூடாக்கிய நாசிலில் விரல் படக் கூடாது, அதனால் இதைப் பெரியவர் செய்யட்டும். அதற்கும் வரவில்லையென்றால் புது நாசில் மாட்டலாம், விலை மிகக் குறைவு. தட்டை மட்டம் பார்க்க ஒரு ஏ4 தாளை நாசிலுக்கும் தட்டுக்கும் நடுவே விட்டு நான்கு மூலையிலும் இழுங்கள், லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். இழையை மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேரைப் பொறுப்பாளராகப் போட்டு இந்த மூன்றையும் கற்றுக்கொடுத்துவிட்டு, அவர்கள் பத்தாம் வகுப்புக்குப் போகும் முன் எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரைத் தயார் செய்யச் சொல்லுங்கள்.